ஓகே அமுக்காதே, தங்கச்சி

கூடங்குளம்,
ஞாயிறு இரவு.

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. பின்கட்டு வரைக்கும் கம்பு இல்லாமல் நடக்கிறாள். ஆடிக் காற்று பிடித்துவிட்டது. வாசல் மண் முழுக்க நடுவீட்டில்தான் கிடக்கிறது. ஆடி அமாவாசைக்கு அத்தானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேன் பிடித்துச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வருகிறார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் உன் வீட்டில் இறங்கி, இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் அத்தான் தருவார். பொட்டலத்தில் இருப்பது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. "காலையில கம்ப்யூட்டரப் போட்டாலே ஏதாவது ஒரு மெசேஜ் வந்து நிக்கிக்கா. ஓகே அமுக்குனா போயிருது. மறுநா பாத்தா திரும்பவும் வருது" என்றாய். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ரெண்டு மாசம் இருக்கும் என்றாய். அறுபது காலையிலும் அது உன்னிடம் எதையோ சொல்ல வந்திருக்கிறது. அறுபது தடவையும் நீ ஓகே அமுக்கி அனுப்பியிருக்கிறாய்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். மெசேஜ் இங்கிலீஷில் இருக்கிறது, பார்த்தால் பயமாக இருக்கிறது, வேலையோ அவசரம். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் "ஏதோ எர்ரர்" என்பார்கள். ஏதோ எர்ரர் என்று ஒரு எர்ரர் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டுக் காட்டும். அதைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனில் சொன்னால் மறந்துபோகும், எழுதி அனுப்பு என்று நீ கேட்டது நல்லதாய்ப் போயிற்று. எனக்கும் இதை ஆற அமர உனக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் ஒரு நோட்டு எடு. நாளைக் காலையில் மெசேஜ் வந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, செல்போனில் ஒரு போட்டோ பிடி. பிறகு நோட்டில் எழுத்துக்கு எழுத்து எழுது. கூடவே அது எப்போது வந்தது என்றும் எழுது. சுவிட்சைப் போட்டவுடன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்ததா? விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்ததா? பாஸ்வேர்டு போட்டு, நீ வைத்திருக்கிற பாபநாசம் அருவிப் படம் தெரிந்த பிறகு வந்ததா? இந்த மூன்றும் மூன்று தனித்தனி ஊர். முதலாவது என்றால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிற சாமான்களில். இரண்டாவது என்றால் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில், அல்லது விண்டோஸில். மூன்றாவது என்றால் நாமோ வேறு யாரோ ஏற்றிவைத்த புரோகிராமில். எந்த ஊர் என்று தெரியாமல் வண்டி ஏறக்கூடாது.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உனக்கு இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று முதல் ஊர், இன்னொன்று மூன்றாவது ஊர்.

கடிகாரம் தினமும் பழைய வருஷத்தைக் காட்டுகிறது, எஃப்1 அமுக்கு என்று கறுப்புத் திரையில் வருகிறது என்றாய். அதே மூச்சில், பள்ளிக்கூடத்து எமிஸ் வெப்சைட் திறக்க மாட்டேன் என்கிறது, பாதுகாப்பில்லை என்று சொல்கிறது, நெட் கனெக்சன்காரரிடம் சண்டை போட்டேன் என்றும் சொன்னாய். அவர் மேல் தப்பில்லை. இது எல்லாமே ஒரே வியாதி. மதர்போர்டில் ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த 2032. மூன்று வோல்ட். நீ மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றி வைப்பது அந்தக் காசுதான். உன்னுடையது மாதிரி பழைய போர்டில் ஆரம்ப செட்டிங்குகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சில வருஷத்தில் அது தீர்ந்துபோகும். தீர்ந்ததும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காலையிலும் தான் பிறந்த வருஷத்திலேயே கண் விழிக்கும். வெப்சைட்டுக்கெல்லாம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உன் கம்ப்யூட்டர் கணக்கில் அந்தத் தேதி இன்னும் பிறக்கவேயில்லை. அதனால்தான் நம்ப மாட்டேன் என்கிறது.

பொட்டலத்தில் இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன். மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஷட் டவுன் பண்ணி, பின்னால் இருக்கிற கரண்டு வயரை அடியோடு பிடுங்கு. பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி விடு, உள்ளே தேங்கிய கரண்டு போகட்டும். பக்கத்துத் தகட்டைக் கழற்று. பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுக்கொண்டு பிறகு உள்ளே கை வை. நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். பேட்டரியை ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி பிடித்திருக்கும், அதை நகத்தால் தள்ளினால் காசு துள்ளி வரும். புதியதை எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்து அமுக்கு. போட்டதும் ஒரே ஒரு தடவை எஃப்1 கேட்கும். உள்ளே போய்த் தேதியைச் சரிசெய்து சேமித்துவிட்டு வா. அதற்கப்புறம் கேட்டால் எனக்கு எழுது.

திறந்ததும் திறந்தாய், இன்னொன்றையும் பார்த்துவிடு. அந்தக் கம்ப்யூட்டர் உன்னிடம் வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் என் கடையில் இருந்தது. கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆறு வருஷமும் உப்புக் காற்று குடித்த பெட்டி அது. தேரிப் பக்கத்திலிருந்து வருகிற செம்மண் தூசியும் உள்ளே படிந்திருக்கும். பொட்டலத்தில் ஒரு பெயிண்டு பிரஷ் இருக்கிறது, புதுசு. விசிறியிலும் மூலையிலும் மெதுவாகத் தட்டிவிடு. ரேம் என்று ஒரு பச்சைப் பட்டை, இரண்டு பக்கமும் கொக்கி போட்டு நிமிர்ந்து நிற்கும். கொக்கியைத் தள்ளிக் கழற்றினால் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் தெரியும். அது மங்கியிருந்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷால் தட்டு. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். திரும்பப் போடும்போது 'டக்'கென்று சத்தம் கேட்க வேண்டும். திரை கறுப்பாகவே இருந்து பீப் பீப் என்று கத்துகிறது என்று கடைக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் எத்தனையோ இந்த ஒரு ரப்பரால் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

பெண்டிரைவைச் செருகியபடியே விட்டுவிட்டுப் போகாதே. சில கம்ப்யூட்டர் காலையில் அதிலிருந்து விண்டோஸைத் தேடிப் பார்த்துவிட்டு, காணவில்லை என்று நின்றுவிடும்.

இனி இரண்டாவது ஊர், ஹார்டு டிஸ்க். அதன் எர்ரர் சில சமயம் கறுப்புத் திரையிலேயே வந்துவிடும். உனக்கு அங்கே கோளாறு இல்லை என்றாலும் நான் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்ததே அதனால்தான். உனக்கும் தெரியும், ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்பா சொல்லச் சொல்ல நீ டைப் அடித்தாயே, 62 பக்கம். தாத்தா பனை ஏறியது, ஆச்சி விடிய விடியக் கருப்பட்டி காய்ச்சியது, இந்தக் கடற்கரை வெறும் உடைமரக் காடாகக் கிடந்தது, 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் அணு உலைக்காகக் கையெழுத்துப் போட்ட சேதியை அப்பா ரேடியோவில் கேட்டது, 2002-ல் கான்கிரீட் போட ஆரம்பித்தபோது ஊரில் யார் யார் வேலைக்குப் போனார்கள் என்பது வரைக்கும். அப்பாவுக்கு ஒரு சொல் கூட மாறக்கூடாது. "கருப்பட்டி" என்று சொன்னதை நீ "பனைவெல்லம்" என்று அடித்துவிட்டாய் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். 2012-ல் ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் 'டிஸ்க் பூட் பெயிலியர்' என்று காட்டியது. அணைத்துப் போட்டால் சரியாகும், இரண்டு நாள் கழித்துத் திரும்ப வரும். ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் காப்பி எடுக்கவா என்று கேட்கவில்லை. நமக்கும் கேட்கத் தெரியவில்லை. பார்மட் போட்டு, புதுசாக விண்டோஸ் ஏற்றி, சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள். பைலை மீட்க முடியுமா என்று திருநெல்வேலி வரை தூக்கிக்கொண்டு போனோம். 62 பக்கத்தில் ஒரு பக்கம் கூடத் தேறவில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்த வாரம் நடந்தது. அதே எர்ரர் திரும்ப வந்தது. அப்போதுதான் நானே பெட்டியைத் திறந்தேன். ஹார்டு டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகிற சிவப்புக் கேபிள் ஒரு பக்கம் தளர்ந்து, கை பட்டாலே ஆடியது. அமுக்கிச் செருகினேன். அப்புறம் அந்த எர்ரர் வரவேயில்லை. விலை அதிகமில்லாத ஒரு கேபிள், தங்கச்சி. அப்பாவின் 62 பக்கமும் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது; நாம்தான் காசு கொடுத்து அழித்தோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போகட்டும், திரும்பச் சொல்லுதேன்" என்றார். திரும்பச் சொல்ல அவருக்கு ஆயுசு இல்லை.

ஆகவே எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், காப்பி எடுக்காமல் பார்மட் போட விடாதே. காரணம் தெரியாமல் போடுகிற பார்மட் மருந்தே இல்லை. திறக்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று சதவீதம் ஓடுவது தினமும் வந்தால், டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால், 'ஸ்மார்ட்' என்ற சொல்லோடு மெசேஜ் வந்தால், அன்றைக்கே வினாத்தாளையும் பிள்ளைகள் போட்டோவையும் வேறு இடத்தில் காப்பி எடு. டிஸ்க் சாகப்போகிறது என்று அதுவே சொல்கிறது. ரிப்பேர் எல்லாம் காப்பிக்குப் பிறகு.

இப்போது உன் மூன்றாவது ஊர்க் கோளாறு. ரன் டிஎல்எல் என்ற தலைப்பில், ஏதோ ஒரு பைலைத் திறக்க முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று வருகிறது, அப்படித்தானே? மாட்யூலை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாய். தேட வேண்டாம். நீ டீச்சர், உனக்கு இது சட்டென்று புரியும். டிசி வாங்கிப் போன பையன் பேர் வருகைப் பதிவேட்டில் அடிக்காமல் கிடக்கிறது. தினமும் காலையில் அவன் பேரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை, பையனைக் காணோம் என்று புகார் எழுதுகிறார்கள். பையனைத் தேடுவதா பேரை அடிப்பதா?

அந்தப் பையன் யார் என்பதுதான் முக்கியம். இரண்டு மாசத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பெண்டிரைவைப் போட்டதும் போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது, ஆன்டிவைரஸ் ஓட்டிச் சரிசெய்தோம் என்றாயே, அதுதான். ஆன்டிவைரஸ் வைரஸ் பைலை எடுத்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் திறந்ததும் என்னைக் கூப்பிடு என்று வைரஸ் எழுதிவைத்த வரி அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் இந்த மெசேஜுக்கு இதுதான் அர்த்தம். எதையோ அன்-இன்ஸ்டால் பண்ணிய மிச்சமாகவும் இருக்கலாம். பைல் பேரைப் பார்த்தால் தெரியும். அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக இருந்தால் வைரஸ் என்றே வைத்துக்கொள்.

பேரை அடிக்கும் விதம்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்-அப் என்று ஒரு பக்கம் இருக்கிறது. காலையில் தானாக எழுந்து வருகிறவர்கள் பட்டியல் அது. அங்கே அது தெரிந்தால் டிசேபிள் பண்ணு. தெரியாவிட்டால் ஆட்டோரன்ஸ் என்று ஒரு புரோகிராம் மைக்ரோசாப்ட் வெப்சைட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மார்க் ருசினோவிச் என்பவரும் பிரைஸ் காக்ஸ்வெல் என்பவரும் எழுதியது. கம்ப்யூட்டரில் தானாக எழுந்திருக்க எத்தனை சந்து பொந்து உண்டோ அத்தனையையும் ஒரே திரையில் கொட்டிவிடும். பைல் இல்லாமல் பேர் மட்டும் இருக்கிற வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். உன் மெசேஜில் இருக்கிற அதே பேர் உள்ள வரியில் டிக்கை மட்டும் எடு. டெலிட் பண்ணாதே, தப்பாகிவிட்டால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மஞ்சளாக இருப்பதையெல்லாம் எடுத்துவிடாதே, அந்த ஒன்றை மட்டும். என்எச்எம் ரைட்டரும் இந்தப் பட்டியலில் இருக்கும், அதில் கை வைத்தால் மறுநாள் தமிழ் அடிக்க வராது.

இன்னொரு விஷயம். மாற்றியதும் ஷட் டவுன் பண்ணிப் போடாதே, ரீஸ்டார்ட் கொடு. விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு உறக்கம் இல்லை. அடுத்த நாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிற நிலைமையில் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொண்டு படுக்கும். காலையில் அதே நிலைமையோடு, அதே கோளாறோடு எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ராத்திரி முழுக்க அணைத்துவைத்தும் போகாத எர்ரர் ஒரு ரீஸ்டார்ட்டில் போவது இதனால்தான்.

எந்த வரி என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் பாதிப் பாதியாகப் போ. பட்டியலில் பதினாறு பேர் இருந்தால் எட்டுப் பேரை நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணு. எர்ரர் வரவில்லையா, குற்றவாளி அந்த எட்டில். வந்ததா, மற்ற எட்டில். அப்புறம் நாலு, ரெண்டு, ஒன்று. நாலு ரீஸ்டார்ட்டில் ஆள் அகப்பட்டுவிடுவான். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போ. எழுதாமல் செய்தால் எதை நிறுத்தினோம் எதை விட்டோம் என்று உனக்கே தெரியாது.

பேரை அடித்ததோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆன்டிவைரஸை முழு ஸ்கேன் ஒரு தரம் ஓட விடு. கூப்பிட்டால் வராத வைரஸைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறதுதான் பயம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நம் ஊரிலேயே பார்த்தேன்.

2019 அக்டோபர் கடைசி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி முடிந்த கையோடு ஊரெல்லாம் ஒரே பேச்சு, அணு உலைக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று. அந்த மாதம் 19-ஆம் தேதிதான் இரண்டாவது உலை நின்றிருந்தது. ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கம்ப்யூட்டர் பாக்கியள்லா, உண்மையா?" என்று கேட்டார்கள். 29-ஆம் தேதி மின்நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: கட்டுப்பாட்டு சிஸ்டங்கள் தனியானவை, இண்டர்நெட்டோடு தொடர்பே இல்லை, அவற்றை இணையவழியாகத் தாக்குவது நடக்காத காரியம் என்று. மறுநாள் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை கொடுத்தது. அதில், வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்று இருந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதியே, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற செர்ட்-இன் அமைப்பு கண்டு சொல்லிவிட்டது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே விசாரித்தார்கள். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இண்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. உலையின் சிஸ்டங்களுக்குப் பாதிப்பில்லை என்று அந்த அறிக்கை சொன்னது.

அன்றைக்கு ராத்திரி நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை. ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு இருக்கிற இடத்தில் வைரஸ் வந்து உட்கார்ந்தது ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில். உன் மேஜையிலும் என் மேஜையிலும் இருக்கிற மாதிரி ஒன்று. அது டிட்ராக் என்கிற வைரஸ் என்று சொன்னார்கள். லாசரஸ் என்கிற கூட்டத்தின் வேலை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அந்தச் செப்டம்பரில்தான் எழுதியிருந்தது. அது திரையில் எந்த எர்ரரும் காட்டாது. என்ன டைப் அடிக்கிறோம், எந்த வெப்சைட்டுக்குப் போனோம், எந்தப் புரோகிராம் ஓடுகிறது, டிஸ்க்கில் என்னென்ன பைல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளும்.

அந்தச் சம்பவத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிவது இரண்டு. உலையின் நெட்வொர்க்கைத் தனியே பிரித்து வைத்திருந்தது ரொம்பச் சரி, நம்மைக் காப்பாற்றியது அந்தச் சுவர்தான். ஆனால் முதல் நாளே, ஆமாம், ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்தது, கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் நம் ஊர் ஜனம் ஒரு ராத்திரி அப்படிப் பயந்திருக்காது. செப்டம்பரில் தெரிந்ததை அக்டோபர் முடிகிறபோது சொன்னது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். உலையைச் சுற்றி வாழ்கிறவர்கள் நாம். நல்லதோ கெட்டதோ முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

இதை உனக்கு ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், உன் கம்ப்யூட்டரிலும் எமிஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. அதற்குப் பின்னால் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பேர், பிறந்த தேதி, அப்பா அம்மா போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண்டிரைவ் வைரஸ் வந்ததை நீ ஹெட்மாஸ்டரிடம் சொன்னாயா? சொல்லாவிட்டால் நாளைக்கே சொல்லிவிடு. அதே பெண்டிரைவ் இன்னும் எத்தனை டீச்சர் வீட்டுக்குப் போய்வந்ததோ. சொன்னால் நம்மைக் குறை சொல்வார்களோ என்று நினைக்காதே. பாஸ்வேர்டையும் மாற்று, ஆனால் ஸ்கேன் முடிந்த பிறகு, அல்லது செல்போனிலிருந்து. வைரஸ் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புது பாஸ்வேர்டு போடக்கூடாது.

கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்று விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பதறாதே. 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் பூராவும் ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் அப்படி நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதற்குக் கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு பைலை டெலிட் பண்ணுவது. அவ்வளவு பெரிய நிறுவனங்களிலும் பெரும்பாலும் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்துதான் அதைச் செய்தார்கள். விண்டோஸ் இரண்டு மூன்று தடவை திறக்க முடியாமல் போனால் தானாகவே ரிப்பேர்த் திரைக்கு வரும். அதில் சேஃப் மோடுக்கு வழி இருக்கிறது. சேஃப் மோடில் அத்தியாவசியமான ஆட்கள் மட்டும்தான் எழுந்திருப்பார்கள், மற்றவர்கள் படுத்திருப்பார்கள். அங்கே நன்றாக ஓடுகிறது என்றால் விண்டோஸுக்கு உயிர் இருக்கிறது, வெளியிலிருந்து வந்த ஒன்றுதான் கெடுக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையிலும் பார்மட் போட வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

கடைசியாக ஒன்று. உன் கம்ப்யூட்டரில் இருக்கிற விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்டின் வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது. அதற்கு என்ன செய்வது என்று நான் அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன். இப்போதைக்கு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொட்டலத்தில் பேட்டரி இரண்டு, பிரஷ், ரப்பர், ஸ்க்ரூடிரைவர் ஒன்று, புதுப் பெண்டிரைவ் ஒன்று. கூடவே அம்மா கொடுத்த கருப்பட்டி இருக்கிறது, பிள்ளைகளுக்கு. அந்தப் பெண்டிரைவ் காப்பிக்கு மட்டும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாதே, யாருக்கும் கொடுக்காதே. முழு ஸ்கேன் ஓடி முடிந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், உன் பைல்களை முதலில் அதில் எடுத்துவை. அதில் அப்பாவின் போல்டர் என்று ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல, அப்பா சொன்னதில் அவளுக்கு ஞாபகம் இருப்பதை இரண்டு மாசமாக அடித்துவருகிறேன். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. ஆச்சி கருப்பட்டி காய்ச்சிய பகுதியில் அம்மா தடுமாறுகிறாள். அதை அப்பா சொல்லும்போது நீதான் டைப் அடித்தாய். உனக்கு ஞாபகம் இருப்பதை அடித்து அதிலேயே சேர்த்து வை.

அத்தான் அமாவாசை முடிந்து மறுநாள் மதியம் உன் வீட்டு வழியாகத்தான் திரும்புகிறார். அவர் கையில் எனக்கு ஒரு தாளாவது கொடுத்துவிடு. காலையில் வருகிற மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று, ஒரு எழுத்து விடாமல்.

உன் அன்பு அக்கா